அத்தைக்கு நான் தப்பாகப் படித்துக் காட்டிய பாட்டு

ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத என் அன்பு அத்தைக்கு,

உங்கள் மருமகள் எழுதுகிறேன். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோதே என் கடிதத்தை உங்களால் படித்திருக்க முடியாது, இப்போது கேட்கவே வேண்டாம். அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பதிலாக ஊரில் நாலு பேர் படிக்கட்டும் என்று இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன்.

உங்கள் காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்தது. உங்கள் மகனுக்கு மொட்டைத் தலையில் இப்போதுதான் முள்ளு முள்ளாக முடி முளைக்கிறது. எருமை என்னிடம் பால் சுரக்க மாட்டேன் என்கிறது. உங்கள் பழைய சேலையை மேலே சுற்றிக்கொண்டு போனால்தான் மடியைத் தொட விடுகிறது. அதற்கு இருக்கிற மரியாதை எனக்கு உங்கள்மேல் இருந்ததில்லை. பனியன் கம்பெனியிலிருந்து மூட்டை முன்னைவிட அதிகமாக வருகிறது. பனியனில் தொங்குகிற நூல் பிசிறு வெட்ட எதிர்வீட்டு ராமாத்தாளும் இன்னும் நாலு பெண்களும் காலையிலேயே கத்தரிக்கோலோடு நம் வீட்டு முன்கூடத்து ஆசாரத்துக்கு வந்துவிடுகிறார்கள். நீங்கள் உட்காருகிற தூணோரத்தில் மட்டும் யாரும் உட்காருவதில்லை.

நம் மண்ணரை ஊர் முழுக்க இப்போது என் பேச்சுத்தான். எழவுக்கு வந்தவர்களிடமெல்லாம் ராமாத்தாள் என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். "மருமவள்னா இவளாட்ட இருக்கோணுமுங்க. பதனோரு நாளும் கட்டிலை உட்டு நகராம மாமியாளுக்குப் பாட்டுப் படிச்சுக் காட்டுனா சாமி. எந்த ஊட்டுல நடக்குமுங்க இது?" உங்கள் பிறந்த ஊர் கொமரலிங்கத்திலிருந்து வந்த உங்கள் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்கக்கா குடுத்து வெச்சவ, கண்ணு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பதினோரு நாளும் நான் என்ன படித்தேன் என்று உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நீங்கள் போய்விட்டீர்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சாகிறவரைக்கும் நல்ல மருமகள் என்ற பேரோடு இருக்கலாம். இருக்க முடியவில்லை அத்தை. நீங்கள் நல்லவர் என்பதால் அல்ல. நீங்கள் நல்லவரே அல்ல, அதையும் சேர்த்தேதான் எழுதப் போகிறேன்.

கல்யாணமாகி இருபது நாள்கூட இருக்காது. என் டிரங்குப் பெட்டிக்கடியில் அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்தீர்கள். பல்லடத்தில் என்னோடு எட்டாவது வரைக்கும் படித்த தோழி கல்யாணத்துக்குக் கொடுத்தது. பழைய பேப்பர் கடையில் எடுத்த புத்தகம். அட்டை கிடையாது, எழுதியவர் பெயர் கிடையாது, நாற்பது கவிதைகள் மட்டும் இருந்தன. நீங்கள் அதைப் பிரித்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்தீர்கள்.

"எவன் எழுதுன லெட்டரு இது?"

"லெட்டரு இல்லீங்கத்தை. பொஸ்தகமுங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனைக்காத. பொஸ்தகம்னா எழுத்து இந்தக் கடேசில இருந்து அந்தக் கடேசிக்கும் போவோணும். இது பாதி வழியிலயே நின்னு நின்னு கீழ எறங்குது. லெட்டருதான்."

"கவிதைங்க. பாட்டாட்ட."

"பாட்டுன்னா பாடு பாக்கலாம்."

"இது பாடறதில்லீங்க. படிக்கறதுங்க."

"பாட்டாமா, பாடறதில்லியாமா!" என்று சிரித்தீர்கள். உங்கள் மகன் மூன்றாவது வரைக்கும் படித்தவர். அவரிடம் காட்டச் சொன்னேன். அவன் உன் பக்கம்தானே பேசுவான் என்றீர்கள். வெளியே யாரிடமாவது காட்டச் சொன்னேன். வீட்டு அசிங்கத்தை ஊரில் காட்டவா என்றீர்கள். கடைசியில் நீங்களே ஒரு சட்டம் போட்டீர்கள். ஒரு பக்கத்தைத் திறந்து அதன்மேல் விரலை வைத்தீர்கள்.

"இதைப் படி. நாளைக்கும் இதையே படி. பொய் சொல்றவளுக்கு நேத்துச் சொன்னது இன்னிக்கு வராது. ஒரு சொல்லு மாறட்டும், உன்னைய அடுத்த பஸ்ஸுல பல்லடத்துக்கு ஏத்தி உட்டுடறேன்."

அப்படித்தான் அந்தக் கவிதை நம் வீட்டுக்குள் வந்தது. ஒரு பெண் குடத்தோடு ஆற்றுக்குப் போகிறாள். ஆறு வற்றிக் கிடக்கிறது. தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்கிறாள். என்னைத் தோண்டிப் பார் என்று மணல் சொல்கிறது. அவள் கையால் தோண்டுகிறாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றெடுக்கிறது. உள்ளங்கையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்பிக்கொண்டு வீடு போகிறாள். ஏன் இவ்வளவு நேரம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான், முப்பது வரிகூட இருக்காது.

தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் பிசிறு வெட்டுகிற நேரத்தில் நான் படிக்க வேண்டும். நீங்கள் தூணில் சாய்ந்துகொண்டு பனியனில் தொங்குகிற நூலை வெட்டிக்கொண்டே கேட்பீர்கள். நாலாம் நாள் பயத்தில் ஒரு வரியை விட்டுவிட்டேன். படித்து முடித்துத் தட்டைப் போட்டு உட்கார்ந்ததும் என் தட்டை எடுத்துப்போய் எருமைத் தொட்டியில் கவிழ்த்தீர்கள். ரேஷனில் மக்காச்சோளம் வாங்கித் தின்ற காலம் அது. "விட்டுப்போன வரி கெடச்சதும் வந்து தின்னு" என்றீர்கள். அன்று சாயங்காலம்வரை பட்டினி கிடந்தேன். அதற்கப்புறம் ஒரு எழுத்து விட்டதில்லை.

ஒரு மாதத்தில் உங்கள் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். தீர்ந்தும் இருந்தது, எனக்குத் தெரியும். ஆனாலும் மத்தியானமானால், "எங்கே, நேத்துச் சொன்னதுதானான்னு பாக்கலாம்" என்பீர்கள். காய்ச்சலில் கிடந்தாலும் படிக்க வேண்டும். முருகன் கோயிலுக்குக் காவடி பார்க்கப் போகிற நாளிலும் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பெண்ணையும் அவள் குடத்தையும் ஆற்றோடு சேர்த்து எங்காவது தொலைத்துவிடலாம் என்று எனக்கு வெறி வரும்.

அப்புறம் ஒருநாள், எத்தனாவது தடவையோ, படித்துக்கொண்டே இருக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் பெண் யாரையும் உதவிக்குக் கூப்பிடுவதே இல்லை. அத்தனை நாள் அதைப் பார்க்காமலா படித்தேன்? இன்னொரு நாள், வெயில் என்ற சொல்லே கவிதையில் இல்லை, ஆனாலும் படிக்கும்போது முதுகு சுடுகிறது என்பது தெரிந்தது. மழைக்காலத்தில் படித்தால் அது வேறு கவிதையாக இருந்தது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதில் இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்பதை நீங்கள் அடித்துச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மற்ற முப்பத்தொன்பதையும் நான் எனக்கென்று வைத்திருந்தேன். எருமைக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொள்வேன். தொட்டி மறைவில் நின்று ஒன்றைப் படிப்பேன். ஒரு பல்லி கவிதை உண்டு. கல்யாண வீட்டில் மிச்சமான வாழையிலையைப் பற்றி ஒன்று உண்டு. எதைப் படிப்பது என்று காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் காலையில் திட்டிய திட்டெல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் காணாமல் போகும். இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

உங்களுக்கோ அந்த ஒன்றே போதும். இரண்டாம் வருஷம் என்று நினைக்கிறேன், திடீரென்று கேட்டீர்கள். "ஏம் புள்ளே, அது மங்கொடமா, பித்தாளைக் கொடமா?"

"எழுதலீங்கத்தை."

கொஞ்ச நேரம் நூல் வெட்டினீர்கள். "மங்கொடந்தான். பித்தாளைன்னா கீழ வெக்கறப்ப சத்தம் போட்டிருக்கும். சத்தமே இல்லியே அங்க."

எனக்குப் பொறாமையாக இருந்தது. எட்டாவது படித்தவள் நான். நூறு தடவை படித்தவளும் நான். எனக்குக் கேட்காத அமைதி, எழுத்துத் தெரியாத உங்கள் காதில் விழுந்திருக்கிறது! மணல் பேசுகிற இடம் வந்தால் உங்கள் கத்தரிக்கோல் நின்றுவிடும். நூலை இழுத்துப் பிடித்தபடி வெட்டாமல் உட்கார்ந்திருப்பீர்கள். ஊற்று வந்ததும்தான் நறுக் என்று வெட்டுவீர்கள். நீங்கள் அமராவதிக் கரையில் பிறந்தவர், ஆற்று மணலில் ஊற்றுக்குழி பறித்துத் தண்ணீர் எடுத்து வளர்ந்தவர், இந்தத் தண்ணீரில்லாத ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர் என்பதையெல்லாம் நான் அப்போதே நினைத்துப் பார்த்திருக்கலாம். நினைக்கவில்லை. பிடித்திருக்கிறது என்று நீங்களும் ஒருநாள் வாயைத் திறந்து சொல்லவில்லையே? சொன்னால் மாமியார் பதவி போய்விடுமா?

நாலாம் வருஷம் ஐப்பசியில் அடைமழை பிடித்தது. விறகெல்லாம் நனைந்து கிடந்தது. நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தபோது அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றே தெரிந்துவிட்டது எனக்கு. காகிதம் எரிகிற தீ வேறு நிறம்.

"என்னத்தைங்க போட்டீங்க?"

"உன்ற பொஸ்தகந்தான். வெறகு புடிக்கமாட்டீங்குது." இடுப்பிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினீர்கள். "நாம படிக்கற பாட்டை எடுத்து வெச்சுட்டேன் புள்ளே. மத்ததெல்லாம் சும்மாதான கெடந்துது."

அடுப்பிலிருந்து ஒரு பக்கத்தை இழுத்தேன், விரல் பொசுங்கியது. மூன்று சொல் மிச்சம். பல்லி போயிற்று. வாழையிலை போயிற்று. எல்லாம் போயிற்று. "காயிதத்துக்கா அழுவறே?" என்று கேட்டீர்கள். மனசறிந்துதான் செய்தீர்களா அத்தை? தொட்டி மறைவில் நான் நின்றதைப் பார்த்திருந்தீர்களா? இல்லை, உண்மையாகவே உங்களுக்கு மற்றதெல்லாம் வெறும் காகிதம்தானா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அந்தத் தீயில்தான் களி கிண்டினேன். பசித்தது, தின்றேன். கை கழுவும்போது முடிவு செய்தேன், இதற்கு ஒருநாள் உங்களுக்கு வைத்திருக்கிறேன் என்று.

அந்த நாள் வர ஐந்து வருஷம் ஆயிற்று. இந்தத் தை மாதம் எருமைக்குப் பக்கத்திலேயே விழுந்தீர்கள். வலது பக்கம் கையும் காலும் போய், வாய் கோணிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கயிற்றுக் கட்டிலில் கிடந்தீர்கள். கஞ்சி ஊட்டினேன், துடைத்துவிட்டேன், சேலை மாற்றினேன். அதிலெல்லாம் நான் ஒரு குறை வைக்கவில்லை, நீங்களே சாட்சி. முதல் நாள் மத்தியானம் இடது கையால் டிரங்குப் பெட்டியைக் காட்டினீர்கள். "ப... டி" என்றீர்கள்.

தாளை எடுத்தேன். ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். மணல் பேசுகிற இடத்தில் என் வாய், "என்னைத் தோண்டிப் பார் என்று கல் சொன்னது" என்றது.

உங்கள் கண் என் பக்கம் திரும்பியது. இடது கை கட்டில் சட்டத்தில் தட்டியது.

"அப்பிடித்தானுங்கத்தை எழுதியிருக்குது" என்றேன்.

முதல் நாள் வாய் தவறியது என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். மறுநாளுக்குச் சாக்கு இல்லை. காலையில் கஞ்சி காய்ச்சும்போதே யோசித்து வைத்தேன். எந்தக் கவிதையைப் படிக்கலாம் என்று தொட்டி மறைவில் நினைத்துச் சந்தோஷப்பட்டதுபோலவே, இன்றைக்கு எந்தச் சொல்லை மாற்றலாம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் நாள் அவள் கையில் பித்தளைக் குடத்தைக் கொடுத்தேன். கீழே வைக்கும்போது அது சத்தமும் போட்டது. மூன்றாம் நாள் அவள் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்தாள். நாளுக்கொன்றாக மாற்றி மாற்றி, பத்தாம் நாள் வெறுங்குடத்தோடு அவளை வீட்டுக்கு அனுப்பினேன். நாற்பது கவிதைகளில் மிச்சமிருந்த ஒன்றையும் உங்கள் கண்ணெதிரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றேன். என் அளவுக்கு இதை யாராலும் செய்திருக்க முடியாது. எந்த இடத்தில் தொட்டால் உங்களுக்கு வலிக்கும் என்று ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினீர்கள். முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, வரி வரியாகத் தேடினீர்கள். தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தீர்கள். நான் திருப்பிக் கொடுக்கவில்லை. உங்கள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. வாசலில் ராமாத்தாள் நின்றிருந்தாள். "பாரு சாமி, பாட்டைக் கேட்டு எப்பிடி உருகறாங்கன்னு" என்று மூக்கைச் சிந்தினாள்.

பதினோராம் நாள். அன்றும் மணல் பேசுகிற இடத்தில் கல் என்றே படித்து முடித்தேன். நீங்கள் வெகுநேரம் வாயைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள், திக்கித் திக்கி, ஆனால் தெளிவாக.

"கல்லு... ஊறாது... புள்ளே."

அன்றைக்கு நீங்களே போட்ட சட்டத்தை நீங்கள் பேசவில்லை. சொல் மாறிவிட்டது என்று சொல்லவில்லை. கல்லைத் தோண்டினால் தண்ணீர் வராது, அதனால் அந்த இடத்தில் கல் இருக்க முடியாது என்று சொன்னீர்கள். பாதி உடம்பு செத்துக் கிடக்கும்போதும் அந்தக் கவிதைக்காக வழக்காடினீர்கள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

"எழுதியிருக்கறதைத்தானுங்கத்தை நான் படிக்கறேன்" என்றேன்.

உங்கள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். மறுநாள் காலை பால் பீச்சுகிற நேரத்தில் வந்து பார்த்தபோதும் முகம் அப்படியே இருந்தது, மூச்சு இல்லை.

சுவரைப் பார்த்துக்கொண்டு கடைசியாக என்ன நினைத்தீர்கள்? உங்களுக்கே புத்தி பிசகிவிட்டது என்றா? ஒன்பது வருஷம் கேட்டது வேறு ஏதோ என்றா? இல்லை, ஒரு சொல் மாறினால் பொய் என்றீர்களே, அப்படியானால் இவள் முதல் நாளிலிருந்தே நம்மை ஏமாற்றியிருக்கிறாள், அது லெட்டர்தான் என்றா? மூன்றில் எதை நினைத்து உயிரை விட்டீர்கள் என்று யோசிப்பதுதான் இப்போது எனக்கு மத்தியான வேலை.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துப் படிக்கிறேன். மணல் என்று அச்சில் கறுப்பாக, தெளிவாக இருக்கிறது. ஒரு எழுத்துக்கூட விடாமல் படிக்கிறேன். ஒரு சுகமும் இல்லை அத்தை. முதுகு சுடுவதில்லை, மழை வாசனை வருவதில்லை. பஸ் போர்டைப் படிப்பதுபோல் இருக்கிறது. உங்களிடமிருந்து பிடுங்கியதில் என் பங்கும் சேர்ந்து போய்விட்டது, நல்லது, எனக்கு வேண்டும்.

பிசிறு வெட்ட வருகிற பெண்கள் பத்து நாளாகக் கேட்கிறார்கள். "அத்தைக்குப் படிச்சயே கண்ணு, அதை எங்களுக்கும் படியேன்." தொண்டை சரியில்லை என்று சொல்லிச் சொல்லித் தப்பித்து வருகிறேன். அவர்களில் ஒருத்திக்கும் படிக்கத் தெரியாது. நான் எதைப் படித்தாலும் நம்புவார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளை மத்தியானம் ஆசாரத்தில் அவர்கள் கத்தரிக்கோலை எடுத்ததும் முதலில் இந்தக் கடிதத்தைத்தான் படிப்பேன். தட்டைக் கவிழ்த்ததையும் விட மாட்டேன், தாளைத் திருப்பிக் கொடுக்காததையும் விட மாட்டேன். ராமாத்தாள் கேட்டால் பொழுது சாய்வதற்குள் கொமரலிங்கம் வரைக்கும் போய்விடும், போகட்டும். உங்கள் தம்பி என் கையைத் தொட்டதற்கு வருத்தப்படட்டும். உங்கள் மகன் என்ன செய்வார் என்று தெரியாது.

ராமாத்தாளை எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அழுது முடித்து, என்னைத் திட்டி முடித்து, கடைசியில் ஒன்று கேட்பாள். "அப்ப அத்தை சொன்னதுதான் சரிங்களா?"

ஆமாங்க என்பேன். அந்த ஒரு சொல் போதும் என்றுதானே பதினோரு நாளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளித்தான் அத்தை உட்கார்ந்திருந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் மகனுக்குக் கட்டிவைத்து நீங்கள் கூட்டிக்கொண்டு வந்த,
உங்கள் மருமகள்